பேட்டரி கசியுதா? மாத்துறதுக்கு முன்னாடி மீட்டர் வைங்க!

கார் பேட்டரி கசிந்தால் ஒர்க்‌ஷாப்பில் வரும் முதல் தீர்ப்பு: “பேட்டரி போச்சு சார், புதுசு போட்டுடலாம்.” மீட்டர் வைத்துப் பார்க்காமல் இதை ஏற்காதீர்கள். பல நேரம் குற்றவாளி பேட்டரி இல்லை. அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்தான்.

என்ன பார்க்கணும்?

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, மல்டிமீட்டரில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட் போட்டு அளந்தால் பொதுவாக 13.8 முதல் 14.5.

15-ஐத் தாண்டுதா? ரெகுலேட்டர் கோளாறாக இருக்கலாம். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் உள்ளே உள்ள தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியும். அந்த வாயுவோடு ஆசிட்டும் மூடி வழியாக வெளியேறும். புது பேட்டரி போட்டாலும் அதே கதிதான். ஓமலூரின் சித்திரை வெயில் சேதத்தை இன்னும் வேகமாக்கும்.

13-க்குக் கீழேயே நிற்குதா? சார்ஜ் சரியாக ஏறவில்லை. பெல்ட், ஒயர், ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அளவு சரி, ஆனாலும் கசிவா? விரிசலோ, தண்ணீர் அதிகமாக ஊற்றியதோ காரணமாகலாம். விரிசல் என்றால் மாற்றத்தான் வேண்டும்.

கவனம்!

ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், பக்கத்தில் சிகரெட் வேண்டாம். கண்ணில் ஆசிட் பட்டால் உடனே தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு டாக்டர். உப்பிய பேட்டரிக்கு சார்ஜ் போடவே கூடாது.

ஓமலூர் ஷெட்டோ, சேலம் ஷோரூமோ, பில்லில் வோல்ட் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. ஆயிரக்கணக்கான ரூபாய் மிச்சம்.