பதினெட்டு வயதோடு ஆட்டிசம் முடிந்துவிடுமா?



ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு வீட்டில் பல வருடங்களாகப் பாத்திரம் கழுவும் அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் பகுதிக்காரர். பெயரும் தெருவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு வருடங்களுக்கு முன் அந்த வீட்டுப் பேரன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். கைகளை உதறியபடி கூடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தவன், மிக்ஸி ஓடியதும் காதைப் பொத்திக்கொண்டு அலறியிருக்கிறான். "எங்க வீட்டுப் பிள்ளையும் இப்பிடித்தாம்மா" என்றிருக்கிறார் அக்கா. "இதுக்குப் பேரு ஆட்டிசம். பெங்களூர்ல பெரிய டாக்டர் பாக்கறார். உன் பிள்ளைக்கு வேற ஏதாவது இருக்கும்" என்று பதில் வந்திருக்கிறது.

அந்தச் சொல்லை மறந்துவிடாமல் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து மகளிடம் எழுதி வாங்கியிருக்கிறார். "ஆட்டீசன்" என்று எழுதியிருந்த துண்டுச்சீட்டோடுதான் என்னிடம் வந்தார். மகனுக்கு அப்போது 26 வயது. அதுவரை ஊர் அவனுக்கு வைத்திருந்த பெயர்கள் வேறு. லூசு, ஊமையன், பேய் பிடித்தவன், திமிர் பிடித்தவன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மத்தியப் பேருந்து நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடுகிற 1ஆம் நம்பர் பேருந்துகளின் பதிவெண்களை வரிசையாகச் சொல்லக்கூடியவன் அவன். அரசுத் தமிழில் ஆட்டிசத்துக்கு வைத்திருக்கும் பெயரில் "புற உலகச் சிந்தனையற்ற" என்று ஓர் அடைமொழி வருகிறது. அந்தப் பெயரை வைத்த அதிகாரி அவனோடு ஒரு தடவை சத்திரம் வரைக்கும் போய் வந்திருக்கலாம்.

தேடத் தொடங்கினோம். தில்லை நகரிலும் கே.கே. நகரிலும் தெரபி மையங்களின் பலகைகளுக்குக் குறைவில்லை. நாங்கள் பார்த்த பலகைகளில் எல்லாம் குழந்தைப் படம்தான். ஒரு மையத்தில், "பெரியவங்கள எடுக்கறதில்லைங்க, மத்த பேரன்ட்ஸ் பயப்படுவாங்க" என்றார்கள். முகவரி எழுதும்போது "எந்தத் தெரு?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு உங்களுக்கு நான் பொழிப்புரை எழுத வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் சொன்ன கட்டணம் அக்காவின் இரண்டு நாள் வருமானம்.

அரசுப் பக்கம் போனால் அங்கேயும் குழந்தைகள்தான். 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனை பிறந்ததிலிருந்து 18 வயதுவரை. அதன்கீழ் மாவட்டத்தில் செயல்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையமும் அந்த வயதுக்குள்தான். சிறப்பாசிரியர்கள் பள்ளி வயதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தத் திட்டம் வந்தபோது இவனுக்கு 15 வயது இருக்கும். ஆனால் மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும். பள்ளியே துரத்திய பிள்ளை யார் கண்ணில் படுவான்?

பதினெட்டைத் தாண்டியவர்களுக்கு என்ன இருக்கிறது? தகுதி உண்டு என்று முடிவானால் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. அரசு நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்கள். பெரும்பாலும் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கானவை. இவனுக்கு வேண்டியது இல்லம் அல்ல. பகலில் போய்வர ஓர் இடம், கைக்கு ஒரு வேலை, சத்தம் தாங்காதபோது ஒதுங்கிக்கொள்ள ஓர் அறை, அம்மா காய்ச்சலில் படுத்தால் நான்கு நாள் பார்த்துக்கொள்ள ஆள். அவ்வளவுதான்.

1999இல் நாடாளுமன்றம் தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கானது. அதன் திட்டங்களைக் கேளுங்கள்: திஷா, விகாஸ், சமர்த், கரௌண்டா, நிராமயா. பகல்நேரப் பராமரிப்புக்கு விகாஸ், பெரியவர்கள் தங்குவதற்கு கரௌண்டா, ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீட்டுக்கு நிராமயா. ஸ்ரீரங்கத்தில் பாத்திரம் கழுவும் பெண் எந்தச் சொல்லைச் சொல்லி எதைக் கேட்டு வாங்குவார்? இந்தித் திணிப்பை எதிர்த்துப் பலகையில் தார் பூசிய ஊர் இது. இந்தப் பலகைகளை ஒருவரும் பார்க்கவில்லை, ஏனென்றால் நம் தெருவில் அவற்றை யாரும் மாட்டவே இல்லை.

ஆனால் பணமும் மொழியும் மட்டும்தான் தடை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆட்டிசம் உள்ள பலர் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள். அக்ரகாரத்துப் பையன் கண்ணைப் பார்க்காவிட்டால் டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள். சேரிப் பையன் கண்ணைப் பார்க்காவிட்டால் 'அடக்கமான பிள்ளை'. நாம் தலையைக் குனிந்து நிற்க வேண்டும் என்பதுதானே இங்கே காலங்காலமாக எதிர்பார்ப்பு, அதில் நோயை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதே பையன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றால் திமிர். கூட்டத்தின் இரைச்சல் தாங்காமல் ஓடினால் திருடன். ரோந்து போலீஸ் நிறுத்தி "உன் பேரு என்னடா" என்று கேட்டால், இவன் "உன் பேரு என்னடா" என்று அப்படியே திருப்பிச் சொல்வான். ஆட்டிசத்தில் இது சாதாரணம். அடுத்து விழுவது அடி. அக்கா ஆறு மணிக்கு மேல் அவனை வெளியே விடுவதில்லை. ஏன் என்று கேட்டேன். "பைத்தியம்னு தெரிஞ்சா விட்ருவாங்க தம்பி. நம்ம தெருன்னு தெரிஞ்சா விடமாட்டாங்க" என்றார்.

"அது பணக்கார வியாதி தோழர்" என்று நம் தோழர் ஒருவரே என்னிடம் சொன்னார். பணக்காரர்களிடம் இருப்பது வியாதிக்கான பெயர். நம்மிடம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால்தானே தெரியும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்கு என்று தனிக் கட்டமே கிடையாது.

வழி தெரியாத குடும்பங்களுக்கு இந்த ஊர் கைகாட்டும் இடம் குணசீலம். திருச்சியிலிருந்து சேலம் சாலையில் 20 கிலோமீட்டர் போல இருக்கும். மனநலம் பாதித்தவர்களை பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் 48 நாள் தங்கவைத்துத் தீர்த்தம் தெளிப்பது பழைய வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகி 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு குணசீலத்தில் உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் மருத்துவரும் வந்தது நல்லதுதான். ஆனால் ஆட்டிசம் மனநோயே இல்லை. அக்காவையும் அங்கே போகச் சொன்னவர்கள் உண்டு, "போன ஜென்மத்துப் பாவம், கழிச்சிட்டு வா" என்ற அறிவுரையோடு.

இந்தப் பாவக் கணக்கு எங்கே எழுதியிருக்கிறது என்று மாணவர்கள் எடுத்துப் பாருங்கள். மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயம் முற்பிறவியின் மிச்சப் பாவத்தால்தான் அறிவு குறைந்தவர்களும் ஊமைகளும் குருடர்களும் செவிடர்களும் பிறக்கிறார்கள் என்கிறது. அடுத்த அத்தியாயம் பிராமணனைக் கொன்றவன் நாயாக, பன்றியாக, சண்டாளனாகப் பிறப்பான் என்கிறது. அக்காவின் மகன் இரண்டு அத்தியாயத்திலும் இருக்கிறான். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் பாபாசாகேப் தலைமையில் அந்தப் புத்தகத்தைக் கொளுத்தியபோது 12ஆம் அத்தியாயத்தை மட்டும் கிழித்துப் போட்டுக் கொளுத்தவில்லை. நாம்தான் 11ஐப் பத்திரமாக வைத்திருக்கிறோம். 'சண்டாளா' என்று எவனாவது திட்டினால் கொதிக்கிறோம். அடுத்த நாளே "செவிட்டு அரசே", "முடமாகிப்போன சட்டம்" என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். நானே எழுதியிருக்கிறேன்.

சட்டம் நம்மைவிட ஓரடி முன்னால் போய்விட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 92ஆம் பிரிவைப் படியுங்கள். மாற்றுத்திறனாளியைப் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தாலோ மிரட்டினாலோ ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. எங்கேயோ கேட்ட வாசகம் போல இருக்கிறதா? நமது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவின் வாசகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை, தண்டனையும் அதேதான். 2021 ஏப்ரலில் படான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம், பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் மீது நடந்த பாலியல் வன்முறையில் சாதி, பாலினம், குறைபாடு மூன்றும் பின்னிக் கிடப்பதைப் பக்கம் பக்கமாகப் பேசியது. ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. பேசிய பிறகு, சாதியின் காரணமாகத்தான் நடந்தது என்பதற்குத் தனிச் சான்று இல்லை என்று வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனையை மட்டும் ரத்து செய்தது. பின்னிக் கிடப்பதைப் பிரித்துக் காட்டு என்று கேட்டால் எப்படிக் காட்டுவது? மாற்றுத்திறனாளி அமைப்புகளின் கூட்டத்தில் சாதியைப் பேசினால் "இங்க அதெல்லாம் பாக்கறதில்ல" என்று நம்மையும் இப்படித்தான் பிரித்துவிடுகிறார்கள்.

அவனுக்குச் சான்றிதழ் வாங்க மூன்று தடவை நடந்தோம். முதல் தடவை, "இந்த வயசுக்கு மேல எதுக்கு?" என்றார்கள். இரண்டாவது தடவை டாக்டர் விடுப்பு. மூன்றாவது தடவை ஓர் இளம் டாக்டர் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து பஸ் நம்பர் கேட்டார். முக்கால் மணி நேரம். ஆட்டிசத்தை அளக்க இந்தியாவுக்கென்று உருவாக்கிய அளவுகோலில் 40 அம்சங்கள் இருக்கின்றன. அத்தனையையும் அக்காவிடம் பொறுமையாகக் கேட்டு எழுதினார். வெளியே வந்ததும் அக்கா அழுதார். "அவன் திமிர் புடிச்சவன் இல்லன்னு கவர்மென்ட்டே எழுதிக் குடுத்திருச்சு" என்றார்.

அந்தத் தாளைக் காட்டிப் போக ஓர் இடம் வேண்டும். அதனால் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கிறோம். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழு உண்டு, ஆட்சியர் நிலை அதிகாரிதான் அதற்குத் தலைமை. அந்தக் குழு கடந்த மூன்று ஆண்டில் எத்தனை முறை கூடியது, 18 வயதுக்கு மேல் எத்தனை பேருக்கு ஆட்டிசம் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், நிராமயாவில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், திருச்சி மாநகராட்சி எல்லைக்குள் பெரியவர்களுக்கான பகல்நேர மையம் எங்கே இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்திலும் தனியாகக் கேட்கிறோம். சட்டக் கல்லூரித் தோழர்கள் மனுவைத் திருத்திக் கொடுங்கள். ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் படிப்பவர்கள் உங்கள் களப்பணிப் பட்டியலில் எங்கள் தெருவையும் சேருங்கள். இந்த அக்கா ஒருத்தர் மட்டும் இல்லை. இந்த இரண்டு வருடத்தில் நம் தெருக்களிலேயே இன்னும் நான்கு வீட்டுக் கதவு திறந்திருக்கிறது.

வருகிற திங்கள்கிழமை குறைதீர் நாள். காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசல். அக்கா அரை நாள் விடுப்பு கேட்டிருக்கிறார், சம்பளம் பிடிப்பார்கள். அவனும் வருகிறான். பறை வேண்டாம், கோஷமும் வேண்டாம், அவனுக்குச் சத்தம் ஆகாது. பத்து இருபது பேர் கூட நின்றால் போதும்.