கணவன் பிரஜை, மனைவி சட்டவிரோதியா?

1983-க்குப் பிறகு படகேறி இராமேஸ்வரம் கரைக்கு வந்து, மண்டபம் முகாமில் பதிவான இலங்கைத் தமிழ்ப் பெண் இவ்வூர் மீனவரை மணந்தால் என்ன ஆவாள்? பிரஜையை மணந்தவர் ஏழாண்டு இங்கே வசித்தால் பிரஜா உரிமைக்கு மனுச் செய்யலாம் என்கிறது 1955-ம் ஆண்டுச் சட்டம். ஆனால் 2003-ம் ஆண்டுத் திருத்தம் குறுக்கே நிற்கிறது. 'சட்டவிரோதக் குடியேறி' மனுச் செய்யக் கூடாதாம்! குண்டுக்குத் தப்பி ஓடிவந்தவள் விசா வாங்கிக்கொண்டா வருவாள்? முகாமில் பெயர் எழுதி, ரேஷனும் கொடுத்துவிட்டு இப்படியொரு முத்திரை!

அதோடு விட்டார்களா? 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் இந்தியனாயிருந்தும் போதாது. தாய்மீது அந்த முத்திரை இருந்தால் பிள்ளையும் பிரஜையல்ல.

2019-ல் மூன்று நாட்டு அகதிகளுக்கு, அதுவும் மதம் பார்த்து, முத்திரையை அழித்தார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. டில்லிக்குப் பாக் நீரிணை தெரியவில்லை போலும்! முத்திரையை நீக்கு, மனைவியரின் மனுவை வாங்கு!