மனத்தையும் அளந்து பார்ப்போம்

தேர்வு நெருங்க நெருங்க மாணவர்களுக்கு அறிவுரைகளும் பெருகும். "அதிகாலையில் எழுந்து தியானம் செய், ஞாபகசக்தி வளரும், மதிப்பெண் கூடும்" என்று பெரியவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சிலர் இதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். வேறு சிலர் "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரு சாராரும் செய்வது ஒன்றுதான். சோதித்துப் பார்க்காமலே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்! அறிவியல் பயிலும் நீங்கள் இந்த இரண்டு வழிகளிலும் போக வேண்டாம் என்பதே என் கருத்து. தன்னைத் தானே அறிவது நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்குக் கண்ணை மூடினால் மட்டும் போதாது. கையில் ஒரு குறிப்பேடும் வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் தியானம்

தியானம் செய்பவர் உடலில் என்ன நடக்கிறது? 1970-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கீத் வாலஸ் இதைக் கருவிகளைக் கொண்டு அளந்தார். தியானத்தின்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவு குறைந்தது. இதயத் துடிப்பும் குறைந்தது. மூளையில் ஆல்பா அலைகள் மிகுந்தன. இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. தியானம் தனிப்பட்டதோர் உடல்நிலையை உண்டாக்குகிறது என்று பலரும் பேசலாயினர்.

ஆனால் அறிவியல் அத்துடன் நின்றுவிடவில்லை. தியானம் செய்யாமல் சும்மா உட்கார்ந்து ஓய்வெடுப்பவர் உடலில் என்ன மாறுதல் உண்டாகும் என்ற கேள்வி எழுந்தது. 1984-இல் டேவிட் ஹோம்ஸ் என்ற உளவியலறிஞர், தியானம் செய்தவர்களையும் வெறுமனே ஓய்வெடுத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். இதயத் துடிப்பு போன்ற உடல் அளவைகளில் இரு குழுவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. ஆல்பா அலைகளும் தியானத்துக்கே உரியவை அல்ல. கண்ணை மூடி அமைதியாக இருந்தாலே அவை தோன்றும். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இலேயே இந்த அலைகளைப் பற்றி எழுதிவிட்டார்.

அப்படியானால் தியானத்தால் பயனே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 2014-இல் அமெரிக்காவில் 47 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். பெரியவர்களின் மனக் கவலையும் சோர்வும் தியானப் பயிற்சியால் ஓரளவு குறைந்தன. கவனம் கூர்மையடைந்தது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. மாணவர்கள் நிலை என்ன? பிரிட்டனில் 80-க்கு மேற்பட்ட பள்ளிகளில் 8,000-க்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மனத்தைக் கவனிக்கும் பயிற்சியை வகுப்பில் ஒரு பிரிவினருக்குக் கற்பித்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான பாடங்களே நடந்தன. 2022-இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மேம்படவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் பயிற்சியைத் தொடரவுமில்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டால் மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளாது அல்லவா?

மனம் சொல்வதெல்லாம் உண்மையா?

"நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். 1977-இல் நிஸ்பெட், வில்சன் என்ற இரு உளவியலறிஞர்கள் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, தரமானது எது என்று கேட்டார்கள். மிகப் பலர் வலக்கோடியில் இருந்ததையே தேர்ந்தெடுத்தார்கள். உண்மையில் நான்கும் ஒரே மாதிரியானவை! இருந்த இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டபோது ஏறக்குறைய எல்லோரும் மறுத்துவிட்டார்கள். நாம் ஒன்றைச் செய்ததற்கு மனம் ஒரு காரணம் சொல்லும்; அது உண்மையான காரணமாக இல்லாமலும் போகலாம்.

உங்கள் படிப்பிலிருந்தே மற்றோர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழுவினர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றொரு குழுவினர் ஒருமுறை படித்துவிட்டு, பாடத்தைப் பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை அதிகமாக இருந்தது திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதமே. எழுதிப் பார்த்தவர்களுக்கோ சுமார் 61 சதவீதம்! "எனக்குத் தெரியும்" என்று மனம் சொல்வதைச் சரிபார்க்காமல் தேர்வுக்குச் செல்பவர் எவ்வளவு இழக்கிறார், எண்ணிப் பாருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். அமைதியாக உட்காருங்கள். கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் மணிக்கட்டைத் தொட்டு நாடியை உணருங்கள். மெல்ல மூச்சை இழுங்கள், மெல்ல விடுங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், விடும்போது தளர்வதையும் பலரால் உணர முடியும். இளம் வயதினரிடம் இது நன்றாகவே தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது அதன் பிடி தளர்கிறது, வெளிவிடும்போது இறுகுகிறது. மெதுவான மூச்சு நம்மை அமைதிப்படுத்துவதில் மாயம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஐந்து நிமிடப் பயிற்சி. மூச்சை ஒன்று முதல் பத்துவரை எண்ணுங்கள். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இடையில் மனம் கிரிக்கெட்டுக்கோ வீட்டுப்பாடத்துக்கோ ஓடிவிடும். ஓடியதைக் கண்டுகொண்டதும் ஒரு விரலை மடக்கிவிட்டு மறுபடி எண்ணுங்கள். மனம் அலைந்ததற்காக வருந்த வேண்டாம். அலைந்ததைக் கண்டுகொண்டீர்களே, அதுதான் பயிற்சி! முடிந்ததும் எத்தனை முறை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தினக் குறிப்பேடு. படுக்கப் போகுமுன் நான்கு வரி போதும். நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன்? எப்போது, எதற்காகக் கோபப்பட்டேன்? வீட்டுப்பாடம் முடிய எவ்வளவு நேரமாகும் என்று நினைத்தேன், எவ்வளவு ஆயிற்று? வகுப்புத் தேர்வில் எத்தனை மதிப்பெண் எதிர்பார்த்தேன், எவ்வளவு கிடைத்தது? கடைசி இரண்டு கேள்விகளில் மதிப்பீட்டை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். பின்னால் எழுதினால் மனம் உங்களை ஏமாற்றிவிடும்.

மூச்சுப் பயிற்சியை இரண்டு வாரம் செய்யுங்கள். இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு மீண்டும் செய்யுங்கள். குறிப்பேட்டில் வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள். அந்த இரண்டு வாரத்தில் தேர்வு வந்திருக்கலாம், காய்ச்சல் வந்திருக்கலாம். "பலன் கிடைக்கும்" என்ற எதிர்பார்ப்பே பலனாகத் தோன்றவும் கூடும். ஆகவே அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

கட்டாயம் வேண்டாம்

தியானத்தைக் கட்டாயமாக்குவதும், அதனால் மதிப்பெண் கூடும் என்று வாக்களிப்பதும் சரியல்ல என்றே நான் கருதுகிறேன். மதிப்பெண் கூடாத மாணவன் "நான் ஒழுங்காகத் தியானம் செய்யவில்லை போலும்" என்று தன்னையே நொந்துகொள்வான். இரவு 11 மணிக்குப் படுத்தவன் தியானத்துக்காக 4 மணிக்கு எழுந்தால் நட்டமே மிஞ்சும். உங்கள் வயதில் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். கண்ணை மூடி உட்காரும்போது அச்சமோ துயரமோ பெருகினால் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். நம்பிக்கைக்குரிய பெரியவரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ மனம்விட்டுச் சொல்லுங்கள். அது கோழைத்தனம் அன்று.

வெப்பத்தையும் எடையையும் அளக்கக் கற்றுக்கொண்ட நீங்கள், உங்கள் பழக்கங்களையும் அளக்கக் கற்றுக்கொள்ளலாம். ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும். உங்களைப் பற்றி மற்றவர் சொல்வதை மட்டுமன்றி, நீங்களே எண்ணிக்கொண்டிருப்பதையும் அதில் எழுதிச் சரிபாருங்கள். இன்றிரவே முதல் நான்கு வரிகளை எழுதலாமே!