நாலு நாள் மீனும் சேற்றுப் புழுவும்

நம் சுரண்டை வட்டாரத்துக் குளத்துச் சேற்றைக் கையில் அள்ளினால் நூல் போன்ற சிவப்புப் புழு நெளியும். கொசு மாதிரி இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சு அது. மீனுக்கு அது நல்ல இரை. தொழிலாளர் பத்திரிகையில் புழுவுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். இடம் இருக்கிறது, தோழர்களே.

இந்தப் புழு மக்கிய தழையையும் பாசியையும் தின்று பிழைக்கிறது. தின்றதைக் கரைத்துச் சத்தாக்குவது குடலில் ஊறும் என்சைம்கள். நாம் குடிக்கும் கஞ்சியை ஜீரணிப்பதும் அதே இனத்துப் பொருள்தான். தண்ணீரில் செம்பு, காட்மியம் போன்ற உலோகங்கள் சேர்ந்தால் அவை என்சைமோடு ஒட்டிக்கொண்டு அதன் உருவத்தையே கெடுக்கின்றன. புழு உடனே சாவதில்லை. தின்கிறது, தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை. நோஞ்சானாக வளர்கிறது, முட்டையும் குறைகிறது. வயிறு நிறைந்தும் பட்டினி!

சர்க்கார் விதி இதைப் பார்க்கிறதா? 1986ம் வருஷத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி ஆலைக் கழிவு நீருக்கு வைக்கும் பரீட்சைகளில் ஒன்று, அதில் மீனை விடுவது. 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடிருந்தால் தேறிற்று. அதாவது நாலு நாள். ஐந்தாம் நாள் மீனுக்கு ஜீரணமாகிறதா என்று கேட்பாரில்லை.

ஒரத்துப்பாளையம் அணையை நினைத்துப் பாருங்கள். நொய்யலில் பாசனத்துக்கென்று 1992ல் முடிந்த அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாயிற்று. விவசாயி வழக்காடினான். 2011 ஜனவரி 28ல் சென்னை ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. லாபம் கண்டவன் ஒருவன். வேலை போனது வேறொருவனுக்கு.

நம் பக்கத்தில் சாயப்பட்டறை இல்லை, காய்கறித் தோட்டமும் வயலும்தானே என்று நிம்மதி கொள்ள முடியாது. அங்கே அடிப்பதற்கு 'மருந்து' என்று பெயர். விஷத்துக்கு இவ்வளவு மரியாதை! குளோர்பைரிபாஸ் போன்றவை பூச்சியின் நரம்பிலுள்ள கோலினெஸ்டரேஸ் என்ற என்சைமை முடக்குகின்றன. அதே என்சைம் மனிதன் நரம்பிலும் உண்டு. முதுகில் டாங்கைச் சுமந்து, வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்கையோடு அடிக்கிறவனுக்கும், அடித்த வயலில் களையெடுக்க இறங்கும் பெண்களுக்கும் விஷம் தோல் வழியாக ஏறுகிறது. தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல். "வெயில்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். 2017ல் மஹாராஷ்டிராவின் யவத்மால் ஜில்லாவில் இப்படிப் பருத்திக்கு அடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். மாண்ட பிறகுதான் விசாரணை!

ரத்தத்தில் இந்த என்சைம் குறைவதை, ஆள் சாயும் முன்பே கண்டுபிடிக்கலாம். முதலாளித்துவ அமெரிக்காவின் கலிபோர்னியாவிலேயே 1974 முதல் தெளிப்புத் தொழிலாளருக்கு இந்தப் பரிசோதனை சட்டம். குறைந்தால் அந்த வேலையிலிருந்து ஆளை மாற்ற வேண்டும்.

தாலுகா ஆஸ்பத்திரியில் இந்த ரத்தப் பரிசோதனை, தெளிப்புப் பருவத்துக்கு முன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கூலி பிடிக்காமல். கையுறையும் முகமூடியும் நிலக்காரர் செலவில். அடுத்த மனுவில் கூலி உயர்வுக்குக் கீழே இதையும் எழுதிக் கலெக்டரிடம் கொடுப்போம்.