இடம் விட்டு நடுவோம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட இடைவெளி வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அளவுகோல் இல்லாத காலத்து அறிவியல் அது என்றால் மிகையாகாது. இன்று தென்னைக்கு 25 அடி விடச் சொல்கிறார்கள். தேர் ஓடும் அகலந்தானே அது!

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் எங்கள் வீட்டுக்குத் தோட்டமில்லை. வாசலில் கிடக்கும் உடைந்த மீன் ஐஸ் பெட்டிதான் தோட்டம். சென்ற தை மாதம் அம்மா அதில் ஆறு தக்காளி நாற்றுகளை நட்டார். அவை போட்டியிட்டு உயர்ந்தன. ஆனால் தண்டோ குச்சியாயிற்று, பூவோ உதிர்ந்தது. பக்கத்துச் செடியின் இலையில் பட்டுவரும் ஒளியைக் கொண்டே நெருக்கத்தைச் செடி உணர்கிறது. உணவையெல்லாம் தண்டை நீட்டவே செலவிடுகிறது. மண்ணுக்குள்ளும் நீருக்கும் உப்புக்கும் போராட்டம். தக்காளிக்கு ஒன்றரை அடியாவது வேண்டும்.

நான்கைப் பிடுங்கப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"உசுரோட இருக்கறதப் புடுங்கிப் போடலாமாடா?"

என்னிடம் பதிலில்லை. பழைய பெயிண்ட் வாளிகளைத் தேடி, மண்ணோடு பெயர்த்து நட்டேன். ஒன்று பட்டுப்போயிற்று. மற்ற ஐந்தும் காய்த்தன!

அன்றிரவு அக்காவை நினைத்துக்கொண்டேன். ஓர் அறை, ஒரு விளக்கு. நான் படிக்க இடம் வேண்டும் என்று பத்தாம் வகுப்போடு நின்றவள் அவள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்று என்னை ஊர் மெச்சும்போது, அந்த இடைவெளி எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

குப்பத்துக்கு அருகே, பிரம்மஞான சபைத் தோட்டத்தில், அடையாறு ஆலமரம் நிற்கிறது. 1989இல் புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்தது. ஆயினும் ஆல் அழியவில்லை. விழுதுகள் ஒவ்வொன்றுக்கும் ஊன்ற மண் இருந்தது, அவையே மரமாயின. ஒன்று வாழ மற்றொன்றைப் பிடுங்குவதா இடைவெளி? இல்லை, தோழர்களே! எல்லாவற்றுக்கும் மண் தேடித் தருவதே இடைவெளி.

மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத அக்கா இசைந்துவிட்டாள். எங்கள் விளக்கடியில் இனி இருவருக்கும் இடமுண்டு.