தரைச் சோதனைக்கு ஒரு புறத்தேர்வாளர் வேண்டும்

2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், தாமே உருவாக்கிய ஹெலிகாப்டரைச் சோதித்துக்கொண்டிருந்த 24 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். ஊர்தி வானேறவில்லை. தரையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோதே சுழலி உடைந்து அவர் தலையைத் தாக்கியது. இத்தகைய மரணங்களைப் பற்றிய பேச்சில் கனவு, துணிச்சல் என்ற சொற்களே முன்வருகின்றன. சோதனை என்ற சொல் பின்தங்கிவிடுகிறது. அதுவே இங்கு விவாதிக்கத்தக்கது.

வீட்டில் கட்டிய விமானம் முழுமை பெற்ற நாளுக்கும் அது முதன்முறை பறக்கும் நாளுக்கும் இடையே ஒரு நீண்ட காலம் இருக்க வேண்டும். மூன்று சக்கரங்களையும் மூன்று எடைமேடைகளில் நிறுத்தி, விமானத்தை மட்டப்படுத்தி, ஈர்ப்பு மையத்தைக் கணக்கிட வேண்டும். வால் கனத்த விமானத்தை வானில் மீட்பது கடினம். மூக்கை ஏறுகோணத்தில் உயர்த்தி, எரிபொருள் குழாயைக் கழற்றி, ஒரு மணித்துளியில் எவ்வளவு பாய்கிறது என்று அளக்க வேண்டும். ஈர்ப்பினால் பாயும் அமைப்பாயின், புறப்பாட்டின்போது இயந்திரம் கேட்கும் அளவில் 150 விழுக்காடும், பம்பு வழி பாய்வதாயின் 125 விழுக்காடும் கிடைக்க வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை. பின்னர்தான் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, வாலைக் கயிற்றால் பிணைத்து, சுழலித் தளத்தில் எவரும் நில்லாதவாறு இயந்திரத்தை ஓட்டுவது. அதன் பிறகே மெதுவாக உருட்டிப் பார்ப்பது.

இவற்றுள் மிக எளியதாகத் தோன்றும் சோதனையே மிகுதியும் கற்பிக்கிறது. இறக்கைச் சுக்கான்களைச் சோதிக்கும் விமானிகள் ‘ஃப்ரீ அண்ட் கரெக்ட்’ என்று ஒரே மூச்சில் சொல்வர். ஆனால் அவை இரு வேறு வினாக்கள். தடையின்றி அசைகிறதா என்பதைக் கை அறியும். சரியான திசையில் அசைகிறதா என்பதை அறியக் கண்ணும் எண்ணமும் வேண்டும்: பிடியை இடப்புறம் சாய்த்தால் இடப்பக்கச் சுக்கான் மேலெழ வேண்டும். தலைகீழாக இணைக்கப்பட்ட சுக்கானும் தடையின்றியே அசையும். சொற்றொடர் பழகிப்போனபின் இரண்டாவது சொல் முதற்சொல்லின் எதிரொலியாகத் தேய்ந்துவிடுகிறது.

இதற்கு வரலாறு பெருவிலை பெற்றிருக்கிறது. லங்காஸ்டர் விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக், 1947 ஆகஸ்டு 23 அன்று இங்கிலாந்தின் உட்ஃபோர்டில் தம் அவ்ரோ டியூடர் விமானத்தின் சோதனைப் பறப்பில் மாண்டார். இறக்கைச் சுக்கான்களின் இணைப்பு மாறியிருந்ததே காரணம். வடிவமைத்தவரே உள்ளே அமர்ந்திருந்தார். அவரது அறிவு அப்பிழையைக் காட்டிக்கொடுக்கவில்லை. தன் கையெழுத்துப்படியின் பிழையைத் தானே காணாத ஆசிரியரை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. கண் எழுதியதைப் படிப்பதில்லை. எழுத நினைத்ததைப் படிக்கிறது.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, இயந்திரக் கோளாறுகளையும் கட்டுப்பாட்டு இழப்பையும் முதன்மைக் காரணங்களாகக் காட்டியது. எரிபொருள் அமைப்பைச் சோதித்த எழுத்துப் பதிவைச் சான்றிதழுக்கு முன்பே பார்வையிட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரையின் உயிர்நிலை ‘எழுத்துப் பதிவு’ என்பதில் இருக்கிறது. பிறர் படிப்பர் என்று தெரிந்து எழுதப்படும் எண், நினைவில் மட்டும் வைத்த எண்ணைவிட நேர்மையானது.

இந்தியாவில் விவாதம் வேறிடத்தில் நின்றுவிட்டது. மும்பையில் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவின் படைப்பு 2016இல் பொதுக் காட்சிக்கு வந்தது. 2017இல் பதிவு பெற்றது. பறக்க அனுமதி 2019இல்தான் கிடைத்தது. எனவே ‘விதி தடுக்கிறது’ என்பாரும் ‘விதி காக்கிறது’ என்பாரும் இரு அணிகளாயினர். கோப்பு நகரும் வேகத்தைக் கேள்வி கேட்பது நியாயமே. ஆயினும் கோப்பு விரைந்துவிட்டால் மட்டும் ஈர்ப்பு மையம் சரியான இடத்திற்கு வந்துவிடாது.

இங்குதான் பொறியியல் கல்லூரிகளின் கடமை தொடங்குகிறது. வானூர்தித் துறைகள் பலவற்றில் எடை அளக்கும் கருவிகளும் இயந்திரச் சோதனைக் கூடங்களும் கற்றறிந்த ஆசிரியர்களும் உள்ளனர். ஆண்டில் சில நாள்கள் வெளியாரின் ஊர்திகளை எடையிடவும், எரிபொருள் ஓட்டம் அளக்கவும், வேலியிட்ட திடலில் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கவும் அவை கதவு திறக்கலாம். விபத்து நேர்ந்தால் பழி யாருக்கு என்ற அச்சம் பொருட்படுத்தத்தக்கதே. கல்லூரி தருவது சோதனைப் பதிவு மட்டுமே, பறக்கும் அனுமதி அன்று என்று எழுத்தில் வரையறுத்தால் பொறுப்பின் எல்லை தெளிவாகும். மாணவர்க்கோ, பாடநூல் காட்டாத உண்மையான பிழைகளைக் காணும் வாய்ப்பு.

யவத்மாளில் என்ன செய்திருந்தால் அவ்விளைஞர் பிழைத்திருப்பார் என்று வெளியிலிருந்து தீர்ப்புரைப்பது நேர்மையன்று. ஒன்று மட்டும் சொல்லலாம். முனைவர் பட்ட ஆய்வேட்டை அதை எழுதியவரும் நெறியாளரும் மட்டும் பார்த்தால் போதாது என்று புறத்தேர்வாளருக்கு அனுப்பும் வழக்கம் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. அங்கு பிழைத்தால் போவது சில மாதங்கள். உயிரைப் பணயம் வைத்துச் செய்யப்படும் சோதனைக்கும் ஒரு புறத்தேர்வாளரைத் தர அவை மறுப்பதற்குக் காரணம் இல்லை.