படகு வாங்கலாம், வீட்டை விற்கலாமா?

இங்கிலாந்தில், வேலையில் இருந்து ஓய்வு பெறும் தம்பதிகள் சிலர் ஒரு துணிச்சலான காரியம் செய்கிறார்கள். குடியிருந்த வீட்டை விற்று விடுகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு படகு வாங்குகிறார்கள். அதிலேயே குடியேறி, கால்வாய் வழியாக ஊர் ஊராகப் போகிறார்கள்.

படகு வாங்குவது சரி. வீட்டை விற்பதுதான் தவறு.

கோபித்துக்கொள்ள இடம் இல்லை!

இந்தப் படகின் அகலம் சுமார் 7 அடிதான். நீளம் 70 அடி வரை இருக்கும். உள்ளே அடுப்பு, கட்டில், குளிக்கும் அறை எல்லாம் உண்டு. கணவன்-மனைவிக்குள் சண்டை வந்தால், கோபித்துக்கொண்டு போக மட்டும் இடம் இல்லை!

ஏன் இவ்வளவு குறுகல்? அந்தக் காலத்தில் இந்தக் கால்வாய்களில் நிலக்கரியும் சரக்கும் போயின. 1761-ம் ஆண்டில் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய், மான்செஸ்டர் நகருக்கு நிலக்கரி கொண்டு போக வெட்டப்பட்டதுதான். பிறகு வந்த பல கால்வாய்களில், செலவைக் குறைக்க மதகுகளைக் குறுகலாகக் கட்டினார்கள். அதற்கு ஏற்றபடி படகும் ஒடுங்கியது. ரெயில் வந்த பின் சரக்குப் போக்குவரத்து தேய்ந்தது. இன்று அதே தண்ணீரில் பென்ஷன்காரர்கள் மிதக்கிறார்கள்.

மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது. கரையில் வேகமாக நடக்கிறவர் படகை முந்தி விடுவார். அவசரம் இல்லாதவர்களுக்கு இது சொர்க்கம்தான்.

முதுகால் தள்ள வேண்டும்

ஆனால் மேடு வந்தால் வேலையும் வந்து விடும். படகு மேட்டில் ஏற, இரு பக்கமும் கதவு வைத்த தொட்டி இருக்கிறது. அதை 'லாக்' என்கிறார்கள். படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க்கதவைச் சாத்தி, மேலே இருந்து தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் ஏற ஏற, படகும் ஏறும். மதகைத் திறக்க ஒருவர் கரையில் இறங்கி இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கனமான கதவை முதுகு கொடுத்துத் தள்ள வேண்டும். டிவைசஸ் என்ற ஊர் அருகே 2 மைல் தூரத்துக்குள் 29 லாக்குகள் இருக்கின்றன!

60 வயதில் இது நல்ல தேகப்பயிற்சி. 75 வயதில், முழங்கால் வலியோடு?

"முடியாதபோது ஓர் இடத்தில் கட்டிப் போட்டு விடலாமே" என்று நினைக்கலாம். அதுவும் சுலபம் அல்ல. நிலையான துறை இல்லாத படகு, ஓர் இடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கக்கூடாது. 1995-ம் ஆண்டின் சட்டம் இது. நோய் போன்ற தகுந்த காரணம் இருந்தால் கூடுதல் நாள் கிடைக்கும். நிலையான துறை வேண்டும் என்றால் வாடகை கொடுக்க வேண்டும். 2024-ம் ஆண்டு முதல், துறை இல்லாத படகுகளுக்கு லைசென்சு கட்டணமும் கூடுதல்.

அப்போது படகை விற்று மறுபடியும் வீடு வாங்க முடியுமா? படகு பழசாகப் பழசாக விலை இறங்கும். வீட்டு விலையோ ஏறியிருக்கும்.

சிறிய பென்ஷனில், வீட்டு வாடகை கட்ட முடியாமல் படகுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சொந்த வீடு உள்ளவர்களோ, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் புறப்படலாம். அந்த வாடகையே டீசலுக்கும் கரிக்கும் உதவும்.

அதற்கும் முன்னால், வாடகைப் படகில் சில வாரம் இருந்து பார்க்கட்டும். கோடையில் அல்ல, ஜனவரியில்!